ஊர்க் கல்லும் ஊர்க் கதையும்: ஒரு நடுகல்லைப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

நடுகல் என்பது சண்டையிலோ மந்தை காக்கும்போதோ இறந்த வீரனின் நினைவாக நட்ட கல். அதைப் பதிவு செய்யக் கிளம்புகிறவர்கள் நேராகக் கல்லின் முன்னால் போய் நிற்கிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், எழுத்தை உரக்கப் படிக்கிறார்கள், கூடி நிற்கும் ஊராருக்கு விளக்கமும் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் "இந்தக் கல்லுக்கு ஏதாவது கதை உண்டா?" என்று கேட்கிறார்கள். அதற்குள் கதை மாறிப்போயிருக்கும்.

அப்படி ஒரு கதை என் கண்ணெதிரே போயிற்று. வில்லேந்திய வீரன், அவன் காலடியில் இரண்டு மாடுகள். தங்கையை அழைத்துவரப் போன அண்ணன் வழியில் மாண்ட இடம் இது என்று ஒரு மூதாட்டி சொல்லத் தொடங்கியிருந்தார். என்னுடன் வந்தவர் ஆர்வ மிகுதியில் குறுக்கிட்டு, "இல்லை பாட்டி, இவன் மாடு மீட்கப் போய் இறந்தவன். கல்லிலேயே எழுதியிருக்கிறது" என்றார். பாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் போனபோது, மாடு மீட்டவன் கதையை அவரே எங்களுக்குச் சொன்னார். தங்கையின் கதை என் நோட்டில் அரைப் பக்கத்தோடு நிற்கிறது.

கல் ஒரு சாட்சி. ஊர் சொல்லும் கதை வேறொரு சாட்சி. ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்தாமல் இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது.

1. கிளம்பும் முன்: ஏற்கெனவே படித்திருக்கிறார்களா என்று பாருங்கள்

நீங்கள் பார்த்த கல் பல பத்தாண்டுகளுக்கு முன்பே படிக்கப்பட்டு அச்சேறியிருக்கலாம். செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-லேயே தனி நூலாக வெளியிட்டுவிட்டது. மாவட்டவாரியான கல்வெட்டுத் தொகுதிகள், மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள், தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் ஆகியவற்றில் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

தேடும்போது பழைய மாவட்டப் பெயரையும் கணக்கில் கொள்ளுங்கள். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காடு. இன்றைய மாவட்டப் பெயரில் மட்டும் தேடிவிட்டு "பதிவாகாத கல்" என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

பழைய பதிவு கிடைத்தால் சோர்ந்துவிடாதீர்கள். அவற்றில் எழுத்து இருக்கும். ஊர் சொல்லும் கதை பெரும்பாலும் இருக்காது. கல் அப்போது எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்ற ஒப்பீடும் கிடைக்கும். ஆனால் அந்தப் படிப்பை ஊருக்குப் போகும் வரை மனப்பாடம் செய்யாதீர்கள். அச்சில் படித்த சொல்லைத்தான் பிறகு கண் கல்லில் காணும்.

2. பையில் இருக்க வேண்டியவை, இருக்கக் கூடாதவை

அளவு நாடா, 30 செ.மீ. ஸ்கேல், ஒளி குவிந்து விழும் டார்ச் இரண்டு, முகம் பார்க்கும் அளவைவிடப் பெரிய கண்ணாடி ஒன்று, மிருதுவான புதிய பெயின்ட் பிரஷ், குடிநீர் நான்கைந்து பாட்டில், கறுப்புத் துணி அல்லது போர்வை, நோட்டு. பேனா வேண்டாம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு எழுத வேண்டியிருக்கும்; பேனா மை கரைந்து, அன்றைய உழைப்பெல்லாம் நீலக் கறையாகிவிடும்.

கம்பி பிரஷ், சாக்பீஸ், அமிலம், சோப்புத் தூள், பெயின்ட் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கையில் இருந்தால் பயன்படுத்தத் தோன்றும். மாவு பூசினால் எழுத்து தெரியும் என்று சிலர் சொல்வார்கள். மாவு கல்லின் நுண்துளைகளில் தங்கி எறும்பையும் பூஞ்சையையும் கொண்டுவருகிறது. அதைவிட, மாவு பூசுகிற கை தனக்கு எழுத்தாகத் தெரிகிற கோட்டில்தான் பூசும். அப்படி எடுத்த படத்தில் இருப்பது கல்லின் எழுத்து அன்று, உங்கள் ஊகம்.

3. ஊரில் முதல் நாள்: யாரிடம் கேட்க வேண்டும்

வெட்டவெளியில் தனியாக நின்றாலும் அந்தக் கல் யாருடையதோதான். பட்டா நிலமா, புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, நில அளவை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தொல்லியல் துறைக்கு எழுதும்போது அந்த எண்தான் கல்லை அடையாளம் காட்டும். "புளியமரத்துக்குப் பக்கத்தில்" என்பது புளியமரம் இருக்கும் வரை மட்டும் செல்லும்.

வழிபாட்டில் இருக்கும் கல் என்றால் பூசை செய்பவரையும், பொங்கல் வைக்கும் குடும்பத்தையும் முதலில் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்னும் ஊர்த் தெய்வத்தின் கோயில்களாக இருக்கின்றன. கணவன் இறந்ததும் தீப்பாய்ந்த பெண்ணுக்கு நட்ட சதிக்கல்லைத் தீப்பாய்ந்த அம்மன் என்று கும்பிடும் ஊர்கள் உண்டு. அங்கெல்லாம் நீங்கள் ஒரு தெய்வத்தின் முன்னால் நிற்கிறீர்கள். செருப்பைக் கழற்றுவது, எந்த நாளில் வரலாம் என்று கேட்பது, யார் தொடலாம் என்று கேட்பது எல்லாம் மரியாதை மட்டுமல்ல, வேலையின் ஒரு பகுதியும்கூட. அதற்கு வரும் பதில்களிலேயே பாதிக் கதை வந்துவிடும்.

முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருக்கிறது. அதை நம்பி இரவில் தோண்ட வந்தவர்களும் உண்டு. டார்ச்சும் அளவு நாடாவுமாக முன்பின் தெரியாதவர் வந்தால் ஊர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

4. கதையைக் கேளுங்கள், கல்லை விளக்காதீர்கள்

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இதுதான். அரை நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் இரண்டு முறை போங்கள்.

முதல் கேள்வியில் "நடுகல்" என்ற சொல்லே வரக் கூடாது. "இது நடுகல்தானே?" என்று கேட்டால் "ஆமாம், நடுகல்தான்" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். வரும் பெயரை அவர்கள் ஒலிக்கிறபடியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்த வேண்டாம். திருத்திய பெயரில் ஊருக்கு அந்தக் கல் தெரியாது.

அடுத்து, யார் சொல்லக் கேட்டார்கள் என்று கேளுங்கள். அப்பாயி சொன்னதா, கூத்தில் கேட்டதா, சென்ற ஆண்டு வந்துபோன யாரோ சொன்னதா? மூன்றாவது வகை இப்போது மிகுதி. ஊரிலிருந்து வெளியே போய்ச் செய்தியாகி, மறுபடி ஊருக்கே வந்து சேர்ந்த கதையைப் பழங்கதையாக எழுதிவிடக் கூடாது.

ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையசைப்பார்கள். பெண்களைத் தனியே கேளுங்கள். ஊரில் பிறந்த பெண்ணும் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணும் வெவ்வேறு கதை சொல்வார்கள். ஆடு மேய்ப்பவர்களை விட்டுவிடாதீர்கள். ஊருக்கு வெளியே இருக்கும் கல்லை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பக்கத்து வயலுக்கும் பாறைக்கும் ஓடைக்கும் என்ன பெயர் என்றும் கேளுங்கள். கல்லின் கதை மறந்துபோன ஊரில்கூட, அந்தக் கதை ஒரு பாறையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சடங்கைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் மிக உறுதியான பதில் கிடைக்கிறது. எந்த மாதம் பொங்கல் வைக்கிறார்கள், முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு, எதைப் படைக்கிறார்கள், எதைப் படைக்கவே மாட்டார்கள், யார் கிட்டே போகக் கூடாது? கதை சொல்பவருக்கு நினைவு தடுமாறினாலும், படையலில் எதை வைக்கக் கூடாது என்பது தடுமாறாது.

ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் கையால் எழுதுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள். மூன்றையும் கலந்து "சரியான" நான்காவதை உருவாக்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. அந்த நான்காவது கதையை ஊரில் யாரும் சொன்னதில்லை.

ஒரு எச்சரிக்கை. கல்லில் இருப்பவன் எங்கள் சாதிக்காரன் என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார். இரண்டையும் "இன்னார் சொன்னது" என்று எழுதிக்கொண்டு, உங்கள் தீர்ப்பைச் சொல்லாமல் வாருங்கள். கல்லில் இல்லாத பட்டத்தை எழுதிக் கொடுத்தால், அது ஊரில் சண்டையாக முளைக்கும். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள்.

5. தொடுவதற்கு முன் சுற்றிப் பாருங்கள்

கல் எந்தத் திசையைப் பார்க்கிறது, தனியே நிற்கிறதா, பலகைக்கற்கள் சூழ்ந்த அறைபோன்ற அமைப்புக்குள் நிற்கிறதா, பக்கத்தில் வேறு கற்கள் உண்டா, பழைய வழித்தடமோ ஏரிக்கரையோ அருகில் போகிறதா என்று முதலில் எழுதுங்கள். கல்லைச் சுற்றி ஐம்பது அடி தூரம் நடந்து பாருங்கள். உடைந்த துண்டு படிக்கட்டாகவும், துணி துவைக்கும் கல்லாகவும் கிடப்பதுண்டு.

இடம் மாறிய கல்லா என்று கேளுங்கள். ஏரி வெட்டும்போது எடுத்துவைத்தது, சாலை போடும்போது நகர்த்தியது என்று தெரிந்தால், இப்போது அது பார்க்கும் திசைக்கு எந்தப் பொருளும் கற்பிக்க முடியாது.

சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் இருக்கும் நிலையில் ஒரு படம் எடுங்கள். சுத்தம் செய்த பிறகு அந்த நிலை திரும்பாது. ஊர் தன் கல்லை எப்படி வைத்திருக்கிறது என்பதற்கு அந்தப் படம்தான் ஆவணம்.

6. சுத்தம்: தண்ணீரும் மிருதுவான பிரஷும் மட்டும்

மண்ணும் காய்ந்த பாசியும் தண்ணீருக்கும் பொறுமைக்கும் இணங்கும். மேலிருந்து கீழாக நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷால் மெல்லத் தள்ளுங்கள். இணங்காததை விட்டுவிடுங்கள். சுரண்டினால் பாசியோடு எழுத்தின் விளிம்பும் போகும். அந்த விளிம்பு போனால் பிறகு எந்த ஒளியிலும் நிழல் விழாது.

எண்ணெயும் மஞ்சளும் ஏறி மெழுகுபோல் இறுகிய கல் வேறு வகை. அதை நீங்கள் தொட வேண்டாம். அபிஷேகம் செய்யும் நாள் எது என்று கேட்டு, அன்று போங்கள். பூசாரியே வெந்நீர் ஊற்றித் துடைப்பார். மறுபடி எண்ணெய் சாத்துவதற்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் படித்ததிலேயே தெளிவான ஒரு கல்வெட்டு அப்படிக் கிடைத்த இருபது நிமிடத்தில் படித்ததுதான்.

மண்ணில் புதைந்த பகுதியைத் தோண்டாதீர்கள். கீழே இரண்டு வரி இருக்கும் என்று தெரிந்தாலும் தோண்டக் கூடாது. கல்லைச் சுற்றியுள்ள மண்ணும் சாட்சிதான். தோண்டுவது அனுமதி பெற்ற தொல்லியலாளர் செய்ய வேண்டிய வேலை. கல் சாய்ந்து விழும் ஆபத்தும் உண்டு. "கீழ்ப்பகுதி புதைந்துள்ளது" என்று எழுதினால் போதும்.

காகிதத்தை நனைத்து ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படி முறையையும் பயிற்சி பெற்றவர் இல்லாமல் முயல வேண்டாம். காகிதம் கிழிந்தால் மை கல்லில் இறங்கிவிடும்.

7. படம்: ஒளி பக்கத்திலிருந்து வர வேண்டும்

காலை வெயிலில் படம் எடுத்தால் நன்றாக வரும் என்று பலர் விடியற்காலையிலேயே போய் நிற்கிறார்கள். கிழக்கு பார்த்த கல்லில் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நேர் ஒளியில் பள்ளத்துக்கு நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் எழுத்தும் இல்லை. அதே கல்லில் பகல் பதினொன்றரை மணிக்குச் சூரியன் உச்சிக்கு நெருங்கும்போது, ஒளி கல்லின் முகத்தை மேலிருந்து வருடிக்கொண்டு இறங்கும். சில நிமிடங்களுக்கு ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். மேற்கு பார்த்த கல்லுக்கு அதே தருணம் உச்சி சாய்ந்தவுடன் வரும். இதற்காகத்தான் திசையை முதலில் எழுதச் சொன்னேன்.

வடக்கு பார்த்த கல்லில் ஆண்டில் ஏறக்குறைய பாதிக் காலம் வெயிலே படாது. அங்கே கண்ணாடியால் வெயிலைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். மர நிழலில் இருந்தால் போர்வையால் மறைத்து டார்ச் அடியுங்கள். இருட்டிய பிறகு ஊராரின் துணையோடு போக முடிந்தால் இன்னும் நல்லது.

டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல், சாய்வாகப் பிடியுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேல், கீழ் என நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். ஒரு முறை வீரனின் இடது தோளுக்கு மேலே வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில், ஒளியை வலப்பக்கம் மாற்றியவுடன் ஒரு சுழி தெரிந்தது. இன்னும் தாழ்த்தினோம், சுழிக்குப் பக்கத்தில் ஒரு வளைவு, அதன் பக்கத்தில் இன்னொன்று. அரை மணி நேரத்தில் நான்கு வரி வந்தது. அதுவரை அதை எழுத்தில்லாத கல் என்று எழுதி வைத்திருந்தோம்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள். கீழிருந்து ஒளி அடித்த படத்தில் பள்ளமான எழுத்து மேடாகத் தோன்றும். குறிப்பு இல்லாவிட்டால், வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது கண் ஏமாறும்.

ஸ்கேலை எழுத்தின் மேல் சாய்க்காமல் ஓரத்தில், கல்லின் முகத்துக்கு இணையாக வையுங்கள். கேமரா கல்லின் நடுவுயரத்தில் இருக்கட்டும். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் வீரனின் கால் குட்டையாகிவிடும். அளவு எல்லாம் தப்பும். பக்கவாட்டு விளிம்புகளையும் பின்புறத்தையும் எடுக்க மறக்க வேண்டாம். எழுத்து விளிம்பில் தொடர்வது உண்டு.

8. அளவு

தரைக்கு மேல் உயரம், மிக அகன்ற இடத்தில் அகலம், தடிமன், வீரனின் உயரம், ஓர் எழுத்தின் சராசரி உயரம். ஒருவர் அளக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். தனியாகப் போனால் இரு முறை அளந்து பாருங்கள்.

9. சிற்பத்தைப் பார்த்து எழுதுவது

காண்பதை எழுதுங்கள், பொருளைப் பிறகு பார்க்கலாம். "போர்வீரன்" என்று எழுதாமல், "இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், உடலில் மூன்று அம்புகள், கொண்டை இடப்புறம் சரிந்திருக்கிறது" என்று எழுதுங்கள். முதலாவது உங்கள் முடிவு. இரண்டாவதை வைத்து இன்னொருவர் தம் முடிவுக்கு வரலாம்.

வீரனின் பக்கத்தில் விலங்கு இருந்தால் நிதானியுங்கள். புலியோடு பொருதுவது புலிக்குத்திக் கல். பன்றியோடு என்றால் பன்றிக்குத்திக் கல். தேய்ந்துபோன கல்லில் புலியையும் நாயையும் பன்றியையும் பிரித்தறிய வாலையும் காதையும் பாருங்கள். தன் கழுத்தில் தானே வாளை வைத்திருப்பவன் போரில் இறந்தவன் அல்லன்; அது நவகண்டம், தன்னையே பலி கொடுத்தவனின் கல். வளையல் அணிந்த கை மட்டும் உயர்ந்திருந்தால், அல்லது வீரன் அருகே கை உயர்த்திய பெண் இருந்தால், அது சதிக்கல்லாக இருக்கக்கூடும்.

காலடியில் இருக்கும் சின்னச் சின்னப் பொருள்களை விட்டுவிடாதீர்கள். சிமிழும் கெண்டியும் பழைய நடுகற்களில் அடிக்கடி வருபவை. தேய்ந்த பிறகு வெறும் மேடாகத் தெரியும். ஒரே கல்லில் சிற்பம் அடுக்கடுக்காக அமைந்திருந்தால் கீழே சண்டை, நடுவில் வீரனை அழைத்துச் செல்லும் தேவமகளிர், மேலே இலிங்க வழிபாடு என்று இருக்கும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கதை தலைகீழாகிவிடும்.

உருவம் இல்லை என்பதற்காக ஒரு கல்லை ஒதுக்காதீர்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ் பிராமி என்னும் மிகப் பழைய எழுத்து) நடுகற்களில் வீரனின் உருவமே இல்லை, எழுத்து மட்டும்தான்.

10. எழுத்தைப் படிப்பது

புதியவர் கல்லின் முன்னால் நின்று முழுவதையும் படித்து முடிக்க ஆசைப்படுகிறார். கல்லின் முன்னால் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து வரையுங்கள். பொருள் தேடுவது வீட்டில், படங்களை விரித்து வைத்துக்கொண்டு.

முதலில் எந்த எழுத்து என்று பாருங்கள். செங்கம், தருமபுரிப் பகுதியின் பழைய நடுகற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து, அதாவது வளைகோடுகள் மிகுந்த பழைய எழுத்துமுறை. பிற்காலத்தவை தமிழெழுத்து. எல்லைப்புறங்களில் கன்னடமும் தெலுங்கும் வரும். இன்றைய தமிழெழுத்தை வைத்து வட்டெழுத்தை ஊகிக்காதீர்கள். தெரிந்த வடிவம்போல் இருக்கும். வேறு எழுத்தாக இருக்கும். எழுத்து அட்டவணை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டியிருக்க மாட்டார்கள். காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். இந்த மூன்றையும் நினைவில் வைத்திருந்தால் பாதித் தடுமாற்றம் குறையும்.

நடுகல் கல்வெட்டு ஓர் அச்சில் வார்த்ததுபோல் வரும்: அரசன் பெயர், யாண்டு (அவன் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு), தலைவன் அல்லது நாட்டின் பெயர், நிகழ்ச்சி, இறந்தவன் பெயர், "பட்டான் கல்". 'தொறு' என்றால் கால்நடைக் கூட்டம். 'தொறுக் கொண்ட ஞான்று' என்றால் மந்தையைக் கவர்ந்த அன்று. 'பட்டான்' என்றால் இறந்தான். இதை ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு வரலாறே எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த அமைப்பு தெரிந்துவிட்ட பிறகு அடுத்த ஆபத்து தொடங்குகிறது. கடைசியில் 'பட்டான்' வரும் என்று தெரிந்ததால், சிதைந்த இடத்திலும் 'பட்டான்' தெரியும். தெளிவான எழுத்தை அப்படியே எழுதுங்கள். ஐயமானதைப் பகர அடைப்புக்குள் போடுங்கள். இல்லாததற்குப் புள்ளி வையுங்கள். கல்லில் வரி முடியும் இடத்தில் உங்கள் வரியும் முடியட்டும். இருவர் தனித்தனியே படித்துப் பிறகு ஒப்பிட்டால், மாறுபடும் இடங்கள்தான் மறுபடி பார்க்க வேண்டியவை.

முதன்மை வாசகத்துக்கு அப்பால் தனியே பொறித்த சிறு வாசகங்களையும் தேடுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தியின் கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதை, அதற்கென்று தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். வீரனின் வரிகளோடு நிறுத்தியிருந்தால் அந்த நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

ஆட்சியாண்டைப் பார்த்தவுடன் கி.பி. ஆண்டாக மாற்றாதீர்கள். ஒரே பெயரில் பல அரசர்கள் இருந்திருக்கிறார்கள். எழுத்தமைதியையும் (எழுத்து வடிவம் காட்டும் காலம்) தலைவர்களின் பெயர்களையும் பார்த்துத்தான் யார் என்று சொல்ல முடியும். அதைக் கல்வெட்டு அறிஞரிடம் விடுங்கள்.

11. இரண்டையும் அருகருகே வைப்பது

ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் கல் சொல்வதையும் வலப்பக்கம் ஊர் சொல்வதையும் எழுதுங்கள். ஒத்துப்போகும் இடங்களில் கோடு இழுங்கள். ஒத்துப்போகாத இடங்களை அப்படியே விடுங்கள்.

பல தலைமுறைக்குப் பிறகு எழுத்து யாருக்கும் படிக்கத் தெரியாமல் போகிறது. ஆனால் சிற்பம் கண்ணெதிரே நிற்கிறது. அம்பு தைத்த உடலையும், காலடி மாட்டையும், உயர்த்திய கையையும் பார்த்து ஊர் புதிதாகக் கதை கட்டிக்கொள்கிறது. அதனால்தான் கதையில் வரும் பொருள்கள் பெரும்பாலும் கல்லில் இருக்கும், பெயர்கள் இருக்காது. கதை பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த ஊர் தன் அச்சத்தையும் உறவையும் நன்றியையும் அதில் வைத்திருக்கிறது. உங்கள் பதிவில் அதற்கும் சம அளவு இடம் கொடுங்கள்.

12. யாரிடம் தெரிவிப்பது

படங்கள், அளவு, நில அளவை எண், கையால் வரைந்த இடப்படம், உங்கள் படிப்பு, ஊர்க் கதை என எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் கொடுங்கள். நகல் ஒன்று ஊரில் இருக்கட்டும். பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளியிலோ வைக்கலாம்.

கல்லின் துல்லியமான ஜி.பி.எஸ். எண்ணைப் பொதுவெளியில் போடாதீர்கள். புதையல் தேடுபவருக்கும் சிலை கடத்துபவருக்கும் அதைவிட எளிய வழிகாட்டி இல்லை. துறைக்குக் கொடுங்கள், மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர் போதும்.

கல்லை எடுத்துப் பாதுகாக்கலாம் என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் தொல்பொருள். நிலத்தில் புதைந்து கிடைத்த பொருளுக்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் பொருந்தும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சாலை விரிவாக்கத்தால் கல்லுக்கு ஆபத்து என்றால், இயந்திரம் வருவதற்கு முன்பே எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். வந்த பிறகு ஓட்டுநரிடம் கெஞ்சிப் பயனில்லை.

13. ஊரில் பலகை வைப்பதென்றால்

பஞ்சாயத்தின் ஒப்புதலும் துறையின் ஒப்புதலும் பெற்ற பிறகுதான். கல் மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் அருகில் இருந்தால், நூறு மீட்டருக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது.

பலகையைக் கல்லிலிருந்து சில அடி தள்ளி, தனிக் கம்பத்தில் நிறுத்துங்கள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு கல்லின் அடியைச் சிமென்ட்டால் கட்டுகிறார்கள், டைல்ஸ் பதிக்கிறார்கள், வீரனுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள். சிமென்ட் கீழ்வரியை மூடிவிடும், ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். பெயின்ட் எழுத்தின் பள்ளத்தை நிரப்பிவிடும். மழையிலும் வெயிலிலும் இத்தனை நூற்றாண்டு நின்ற கல்லுக்கு இந்த உதவி தேவையில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பலகையின் முதல் வரி ஊர் அழைக்கும் பெயராக இருக்கட்டும். "6-ஆம் நூற்றாண்டு நடுகல்" என்று தொடங்கினால் ஊருக்கு அது யாருடைய பலகையோ. பெயருக்குக் கீழே கல்வெட்டு வாசகம், அதன் பொருள் இன்றைய தமிழில். அதற்கும் கீழே "ஊரார் சொல்வது" என்ற தலைப்பில் கதை. இரண்டுக்கும் இடையே ஒரு கோடு. காலத்தை அறிஞர் உறுதி செய்திருந்தால் மட்டும் போடுங்கள். நூற்றைம்பது சொல்லுக்குமேல் போனால் நின்று படிக்க மாட்டார்கள்.

எழுதுவதற்குக் கொடுக்கும் முன், வாசகத்தை எடுத்துக்கொண்டு கதை சொன்னவர்களிடம் போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கடைசியாக நாங்கள் அப்படிப் படித்தபோது, திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். புலி வந்தது விடியற்காலை என்று நாங்கள் எழுதியிருந்தோம். "மாடு அடையும் நேரம்" என்றார். பக்கத்தில் இருந்த அவர் தமக்கையும் அதையே சொன்னார். ஒலிப்பதிவை மறுபடி கேட்டோம். அவர் சொல்லியிருந்தது அந்திதான், தவறு எங்களுடையது. பலகையில் இப்போது மாடு அடையும் நேரம் என்றுதான் இருக்கிறது.